அச்சுக் கோப்பிலிருந்து கணினிக் கோப்பு வரை

நூலொன்றைக் கையில் எடுப்பவர் முதலில் ஆசிரியரின் பெயரை நோக்குகிறார். அடுத்துப் பதிப்பகத்தின் பெயரை நோக்குகிறார். அச்சகத்தின் பெயரைத் தேடிப் பார்ப்பவரும் ஒரு சிலர் உண்டு. ஆனால், ஆசிரியர் எழுதித் தந்ததை அச்சுப்பொறி ஏற்கும் வடிவிற்குக் கொண்டுவந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. எழுத்துப் படிக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே உள்ள அந்தச் சிறிய வழியில்தான் ஒரு நூலின் பிழையும் பிழைப்பும் முடிவாகின்றன.

அவ்வழி நானூறு ஆண்டுகள் ஈயத்தால் ஆகியிருந்தது. பின்னர்ச் சில காலம் பிலிமால் ஆகியது. இன்று கணினிக் கோப்பால் ஆகியிருக்கிறது. வழி மாறிய ஒவ்வொரு முறையும் வேலை எளிதாயிற்று என்று மகிழ்ந்தோம். எளிதானது உண்மையே. ஆயினும் அவ்வேலையோடு சேர்ந்திருந்த பொறுப்பு எங்கே போயிற்று, யார் தோளில் இறங்கிற்று என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் நூல் வெளியிடுவோர் பலர், தம் கைப்பொருளைச் செலவிட்டுச் சில நூறு படிகளே அச்சிடுபவர்கள்; ஒரு முறை தவறினால் மறுமுறை அச்சிட வழியற்றவர்கள். ஆதலால் இவ்வரலாறு நமக்கு வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று.

ஈயத்தின் காலம்

தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. அண்டிறீக் அடிகளார் என்று தமிழர் போற்றும் போர்த்துகீசியப் பாதிரியார் ஆக்கிய அந்த 16 பக்க நூல், 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறியது. அதன் பின் தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயரின் புதிய ஏற்பாடு 1714-15ஆம் ஆண்டுகளில் அச்சாயிற்று. செருமனியின் ஆலே நகரிலிருந்து வந்து சேர்ந்த தமிழெழுத்துகள் அளவிற் பெரியனவாயிருந்தன. அவற்றைக் கொண்டு முழு நூலையும் அச்சிட்டால் தாள் போதாது. எனவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். என்ன அச்சிடப் போகிறோம், எந்தத் தாளில் அச்சிடப் போகிறோம் என்பதை முன்னரே அறிந்து எழுத்தை ஆயத்தம் செய்ய வேண்டும் என்னும் பாடம் அன்றே தொடங்கிவிட்டது.

நம் வட்டாரத்தில் 1872ஆம் ஆண்டு ‘முனாஜாத்துத் திரட்டு’ என்னும் இசுலாமியப் பாடல் நூல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. 1887ஆம் ஆண்டு ‘சிங்கை நேசன்’ வார இதழ் தோன்றியது. 1924ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ பிறந்து, 2019ஆம் ஆண்டு வரை வாழ்ந்தது. 1935ஆம் ஆண்டு தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்களின் ‘தமிழ் முரசு’ சிங்கப்பூரில் எழுந்தது. இவ்விதழ்களின் ஆசிரியர்களைப் பற்றி நாம் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அன்றைய அச்சுக்கூடத்தில் அறைப்பெட்டியின் முன் நாள் முழுதும் நின்றவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதினோமில்லை.

அவர்கள் வேலை எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆங்கில அச்சுக்கோப்பவர்க்கு 26 எழுத்துகள். பெரிய வடிவும் சிறிய வடிவுமாகச் சேர்த்தால் 52. தமிழ் அச்சுக்கோப்பவர்க்கோ உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளியிட்ட மெய் 18, இகர ஈகார வரிசைகளுக்கு 36, உகர ஊகார வரிசைகளுக்கு 36 என்று கூட்டினாலே 121 உருவங்கள் ஆகின்றன. கொம்பு, கால் முதலிய துணைக் குறிகளும், கிரந்த எழுத்துகளும், எண்களும், நிறுத்தக் குறிகளும் இவற்றுக்கு மேலாகும். இத்தனை அறைகளில் எந்த எழுத்து எங்கே உள்ளது என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாய் எடுத்துக் கோல் ஒன்றில் அடுக்குவார்கள். எழுத்தோ கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். வரியோ தலைகீழாய் நிற்கும். அதைத் தடுமாறாமல் படிக்கும் கண் அவர்களுக்கு இருந்தது.

அக்கண்தான் நாம் இழந்த முதற்பொருள். ஆசிரியர் எழுதிய சொல்லில் ஐயம் தோன்றினால் அச்சுக்கோப்பவர் நின்று கேட்பார். ‘லை’ என்னும் எழுத்துத் தீர்ந்துவிட்டால், முன்னர் அச்சான பாரத்தைப் பிரித்து எழுத்துகளை மீண்டும் அறைகளில் இட்ட பிறகே அடுத்த பக்கம் நகரும். குறை எதுவாயினும் கண் முன்னே தெரியும். இல்லாத எழுத்து இருப்பதுபோல் காட்டி ஏமாற்றும் ஆற்றல் ஈயத்துக்கு இல்லை.

எழுத்துச் சீர்திருத்தமும் இவ்வறையோடு தொடர்புடையதே. பெரியார் ஈ. வெ. ரா. 1935ஆம் ஆண்டு தம் ‘குடி அரசு’ இதழில் நடைமுறைப்படுத்திய சீரமைப்பு, ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளைப் பிற எழுத்துகளின் வரிசைக்கு ஒப்ப மாற்றியது. 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு அதனை ஆணையாக வெளியிட்டது. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னர் ஏற்றன. கற்பதற்கு எளிமை என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. தனி வார்ப்புகள் குறைந்து அச்சுக்கோப்பவர் கை சற்றே இளைப்பாறியது என்பதும் அதன் பயன்களுள் ஒன்று.

பக்கம் படமாகிய காலம்

ஈயத்தை வீழ்த்தியது கணினி என்று பலர் எண்ணுகின்றனர். அஃது முழு உண்மை அன்று. ஈயத்தின் ஆட்சியை முதலில் அசைத்தது படம். 1796ஆம் ஆண்டளவில் செருமானியரான அலோய்சு செனெபெல்டர், நீரும் நெய்ப்பசையும் ஒட்டா என்னும் எளிய உண்மையைக் கொண்டு கல்லச்சு முறையைக் கண்டார். 1904ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்பார், தாளிட மறந்த நேரத்தில் உருவம் ரப்பர் உருளையில் பதிந்து, அடுத்த தாளின் பின்புறத்தில் முன்புறத்தைவிடத் தெளிவாக விழுவதைக் கண்டார். அந்த மறதியிலிருந்து எழுந்ததே ஆப்செட் அச்சு.

இம்முறையில் பக்கம் என்பது எழுத்துகளின் கூட்டம் அன்று. அது ஒரு படம். படம் பிடிக்கத்தக்கது எதுவாயினும் அச்சிடத்தக்கதே. ஒளியச்சுக் கோப்பில் கிடைத்த வரிகளை வெட்டி, அட்டையில் பசையிட்டு ஒட்டி, படமெடுத்து, பிலிமாக்கி, அப்பிலிமைத் தட்டில் பதித்து அச்சிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த இரா. முத்தையா அவர்கள் தமிழுக்கு ஆக்கித் தந்த தட்டச்சுப் பொறியின் வழி வந்த பொறிகளில் அடித்த தாள்களையே படமெடுத்து மலர் வெளியிடவும் இம்முறை இடம் தந்தது.

இக்காலத்தில் பொறுப்பு கைமாறிற்றே தவிர மறையவில்லை. ஒட்டுபவர் ஒரு வரி கோணியிருந்தால் கண்டார். தட்டுச் செய்பவர் பிலிமை ஒளி மேசையில் விரித்து, தூசு விழுந்த புள்ளிகளை மையிட்டு மறைத்தார். புள்ளி எது, தூசு எது என்று தமிழறியாதவர் தடுமாறியதும் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளியைத் தூசென்று கருதி அழித்துவிட்டால் ‘பாட்டு’ ‘பாடடு’ ஆகிவிடும். இருந்தும், அச்சேறும் முன் பக்கத்தை முழுதாகப் பார்க்கும் மனிதர் ஒருவர் இருந்தார்.

பக்கம் கோப்பாகிய காலம்

1982ஆம் ஆண்டு சான் வார்னாக், சார்லசு கெசுக்கி ஆகிய இருவர் அமெரிக்காவில் அடோபி நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். 1984ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ‘போஸ்ட்ஸ்கிரிப்ட்’ என்பது பக்கத்தைச் சொற்களால் வருணிக்கும் மொழி. இந்த இடத்தில் இந்த எழுத்துருவில் இந்த அளவில் இவ்வெழுத்தை வை, இங்கிருந்து அங்குவரை கோடு இழு என்று அது கட்டளையிடும். கட்டளைகளைப் படித்து அவற்றைப் புள்ளிகளாக மாற்றும் வேலை அச்சுப்பொறியின் பக்கத்தில் நடக்கும். 1985ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் ‘லேசர்ரைட்டர்’ அம்மொழியை அறிந்த அச்சுப்பொறியாய் வந்தது. அதே ஆண்டு ஆல்டசு நிறுவனத்தின் ‘பேஜ்மேக்கர்’ செயலி வந்தது. லேசர் பொறி அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இட்டது. அதே கோப்பைப் பிலிம் எடுக்கும் பொறிக்கு அனுப்பினால் அங்குலத்துக்கு 1270 அல்லது 2540 புள்ளிகள் கிடைத்தன. வீட்டு மேசையில் ஆக்கிய பக்கம், பேரச்சகத்தின் பக்கத்தோடு தரத்தில் சமமாக நிற்கும் நிலை மனித வரலாற்றில் முதன்முறையாகத் தோன்றிற்று.

தமிழ் இதில் பின்தங்கவில்லை என்பதும், அம்முன்னேற்றத்தில் நம் நாட்டவர்க்குப் பெரும்பங்கு உண்டென்பதும் நாம் பெருமிதம் கொள்ளத்தக்கவை. மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே ‘முரசு’ என்னும் தமிழ்ச் செயலியை ஆக்கினார். பின்னாளில் அது ‘முரசு அஞ்சல்’ ஆகி உலகத் தமிழரிடம் பரவியது. சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ முறையை உருவாக்கினார். ஆசிரியரே தம் நூலைத் தட்டி, பக்கம் அமைத்து, அச்சகத்தில் கொடுக்கும் காலம் பிறந்தது. சென்னைக்குக் கையெழுத்துப் படியை அஞ்சலில் அனுப்பி, மெய்ப்பு வருமென மாதக்கணக்கில் காத்திருந்த எழுத்தாளர்களுக்கு இது விடுதலை எனத் தோன்றியது.

காணாமற்போன இகரம்

அவ்விடுதலையின் விலையை நான் அறிந்தது 1990களின் இறுதியில். நண்பர்கள் சிலர் சேர்ந்து கட்டுரைத் தொகுப்பொன்றை வெளியிட முனைந்தோம். பக்கங்களைத் திரையில் மும்முறை படித்தேன். வீட்டு அச்சுப்பொறியில் எடுத்துப் பார்த்தேன். பிழையில்லை என்று உறுதி கொண்டு வட்டைக் கொடுத்தோம். அச்சகத்தார் தமிழறியாதவர், கோப்பைத் தம் கணினியில் வேறொரு செயலிக்கு மாற்றித் திறந்து அச்சிட்டார். வெளியீட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்னர் நூல் கட்டுகள் வந்தன. பிரித்துப் பார்த்தால் ‘இலக்கியம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘லக்கியம்’ இருந்தது. ‘இந்நாட்டில்’ என்பது ‘ந்நாட்டில்’ ஆயிற்று. 500 படிகளிலும் ஓர் இகரமும் இல்லை.

எழுத்தை எடுத்தவர் எவரும் இல்லை என்பதே அதில் பெருந்துயரம். அந்நாளில் தமிழெழுத்துருக்கள் தமக்கென்று உலகப் பொது இடம் இல்லாமல், மேலை மொழிகளுக்கு ஒதுக்கிய 256 இடங்களுள் தங்கியிருந்தன. எங்கள் எழுத்துரு பின்பற்றிய குறியீட்டு முறை, ‘இ’ எழுத்தை 173ஆம் இடத்தில் வைத்திருந்தது. மேலை நாட்டுச் செயலிகள் பலவற்றுக்கு 173 என்பது எழுத்தன்று. வரியின் இறுதியில் சொல் உடையும்போது மட்டும் தோன்றும் பிரிப்புக் கோடு. பிற இடங்களில் அதை அவை மறைத்துவிடும். அம்முறையை வகுத்தவர்களும் இக்குறையை உணர்ந்து, அடுத்த பதிப்பில் இகரத்துக்கு 254ஆம் இடத்தை அளித்தார்கள். அது எங்கள் நூலுக்கு உதவவில்லை. வேறோர் எழுத்துருவில் பிழைதிருத்தம் அச்சிட்டு, ஒவ்வொரு படியிலும் ஒட்டினோம்.

அச்சகத்தாரைக் குறை கூறி நெடுநாள் பேசித் திரிந்தேன். பின்னர்த்தான் உணர்ந்தேன்: அறைப்பெட்டியில் ‘இ’ இல்லையென்றால் அச்சுக்கோப்பவர் வந்து சொல்லியிருப்பார். அவர் இடத்தில் இப்போது இருந்தவன் நான். தமிழறிந்த கடைசிக் கண் என்னுடையது. அந்தக் கண் என் வீட்டுத் திரையைப் பார்த்ததே அன்றி, அச்சேறப்போகும் பக்கத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் நிலை தனி நிலை அன்று. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்க் கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்ச் சிதறியது. ‘போஸ்ட்ஸ்கிரிப்ட்’ பொறியோ, கேட்ட எழுத்துரு கிடைக்காவிடில் ‘கூரியர்’ என்னும் தட்டச்சு எழுத்தை இட்டுத் தன் கடமையை முடித்துக்கொண்டது. 1990களின் நடுப்பகுதியில், கோப்பிலிருந்து நேரே தட்டைப் பதிக்கும் பொறிகள் பரவலாயின. பிலிம் நீங்கியது, அதைப் பிடித்துப் பார்த்த ஒளி மேசையும் நீங்கியது, அந்த மேசையில் குனிந்திருந்த மனிதரும் நீங்கினார்.

பொது மொழி தேடிய முயற்சிகள்

இந்நோய்க்கு மருந்து இரு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று, எழுத்துக்குப் பொது இடம் தேடியது. மற்றொன்று, பக்கத்துக்குப் பொது வடிவம் தேடியது.

முதல் திசையில் 1991ஆம் ஆண்டு வெளிவந்த யூனிகோட் முதற்பதிப்பு தமிழுக்கென்று தனியிடம் வகுத்தது. 1997ஆம் ஆண்டு நா. கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடியது. 1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய மாநாடு விசைப்பலகையையும் எழுத்துருக் குறியீட்டையும் சீர்படுத்த முனைந்தது. 2000ஆம் ஆண்டு உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. அதே ஆண்டு வெளிவந்த ‘விண்டோஸ் 2000’ யூனிகோட் தமிழை ஏற்றது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டபோது, அதனைக் கையாள இயலாத செயலிகளுக்கென்று ‘டேஸ் 16’ என்னும் மாற்றுக் குறியீட்டையும் உடன் ஏற்றது. அந்த மாற்று ஏன் வேண்டியிருந்தது என்பதில் அச்சுலகின் கதையும் அடங்கும்.

யூனிகோடில் ‘கெ’ என்று எழுதினால், கோப்பில் முதலில் நிற்பது ககரம், பின்னால் நிற்பது கொம்பு. கண்ணுக்குக் காட்டும்போதுதான் செயலி கொம்பை முன்னால் நகர்த்த வேண்டும். இதனை அறியாத பக்க அமைப்புச் செயலிகளில் கொம்பு தன் எழுத்தின் பின்னால் அநாதையாக நின்றது. எனவே மின்னஞ்சலுக்கும் இணையத்துக்கும் யூனிகோடும், அச்சுக்குப் பழைய எழுத்துருவுமாகத் தமிழர் ஈருலகில் வாழ்ந்தார்கள். அச்சுலகில் பெரிதும் பயன்படும் ‘இன்டிசைன்’ செயலி, 2012ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளை முறையாக ஏற்றது. யூனிகோடில் தமிழ் இடம்பெற்று 21 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இரண்டாம் திசையில் 1993ஆம் ஆண்டு அடோபி நிறுவனம் ‘பிடிஎஃப்’ வடிவத்தை வெளியிட்டது. அதன் உயிர்நாடியான கருத்து ஒன்றே: பக்கம் எங்கே சென்றாலும் தன் எழுத்துருவைத் தன்னோடு சுமந்து செல்ல வேண்டும். ஆயினும் அதிலும் எழுத்துருவை விட்டுவிட இடமிருந்தது. திரைக்குரிய வண்ணத்தை அப்படியே வைத்திருக்கவும் இடமிருந்தது. ஆகவே 2001ஆம் ஆண்டு அனைத்துலகத் தர அமைப்பு, அச்சுக்கென்றே ‘பிடிஎஃப் எக்ஸ் 1ஏ’ என்னும் கட்டுப்பாட்டை வகுத்தது. எழுத்துரு உட்பதிந்திருக்க வேண்டும். வண்ணங்கள் அச்சு மைக்குரியனவாக இருக்க வேண்டும். பக்கத்தின் வெட்டெல்லை குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. அறைப்பெட்டியின் முன் நின்றவர் வாயால் கேட்ட கேள்விகளையே இவ்விதிகள் எழுத்தில் கேட்கின்றன என்றால் அது மிகையன்று.

விதிகளின் வேர்

இன்று அச்சகத்தார் தரும் நிபந்தனைத் தாளைக் கண்டு எழுத்தாளர் பலர் சலிப்படைகின்றனர். ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தால் சலிப்பு நீங்கும்.

அட்டைப் படம் பக்க எல்லைக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும் என்கிறார்கள். அடுக்கிய தாள்களை வெட்டும் கத்தி இம்மி அளவேனும் விலகும். படம் எல்லையோடு நின்றுவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்றுத் தெரியும். பக்க எண்ணிக்கை 16இன் மடங்காக இருந்தால் நன்று என்கிறார்கள். பெருந்தாள் ஒன்றின் இருபுறமும் எட்டெட்டுப் பக்கம் அச்சிட்டு மடிப்பதே பாரம். ஒரு பக்கம் மிகுந்தாலும் அதற்கென்று தாளும் தட்டும் வேண்டியிருக்கும்.

ஒளிப்படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கேட்கிறார்கள். நல்ல தாளில் அச்சுப் புள்ளிகள் அங்குலத்துக்கு 150 வரிகளாக விழுகின்றன. அதன் இருமடங்கு இருந்தால் படம் தெளிவாகும் என்பது கணக்கு. இணையத்திலிருந்து எடுத்த 800 புள்ளி அகலமுள்ள படம் திரையை நிறைக்கலாம். அச்சிலோ அது 7 சென்டிமீட்டர் அகலத்தைக்கூட எட்டாது. மறைந்த தலைவர் ஒருவரின் படத்தை அட்டை முழுதும் பெரிதாக்கி, முகம் கட்டம் கட்டமாய்ச் சிதறக் கண்டு வருந்தியவர்கள் இதன் பொருளை அறிவர்.

வண்ணத்தின் கதை இன்னும் பழையது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாக்கோபு கிறிஸ்தோப் லெ பிளான் என்பார் சில அடிப்படை வண்ணத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அச்சிட்டுப் பல வண்ணங்களைப் பெறும் முறையைக் கண்டு, 1719ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இன்று நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள் அதன் வழித்தோன்றல்கள். திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது. தாளோ மையால் காட்டுகிறது. ஒளி கூடினால் வெளிச்சம் பெருகும். மை கூடினால் இருள் பெருகும். திரையில் சுடர்விடும் பச்சையும் நீலமும் தாளில் மங்குவது அச்சகத்தாரின் குற்றமன்று. அது பொருளின் இயல்பு.

தமிழுக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிறிய எழுத்துகளைக் கறுப்பு மை ஒன்றாலேயே அச்சிட வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாக விட்டுவிட்டால், தட்டுகள் மயிரிழை விலகினும் எழுத்தைச் சுற்றி நிழல் படியும். ‘ஞ’, ‘ண’ முதலியவற்றின் சுழிகள் அடைபடும். கரும்பின்னணியில் வெண்ணிறச் சிற்றெழுத்து வைத்தால் மை பரவி மெய்யெழுத்தின் புள்ளியை விழுங்கும். ஆங்கிலத்தில் ஐ என்னும் எழுத்தின் மேற்புள்ளி மறைந்தாலும் சொல் மாறாது. தமிழில் புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிப் பொருளே மாறிவிடும்.

நாளைய பதிப்புக்கு

இவற்றையெல்லாம் அறிந்த அச்சகத்தார் சிலர், தமிழ்க் கோப்பைக் கண்டதும் கூறும் அறிவுரை ஒன்றுண்டு: “எழுத்துகளையெல்லாம் கோட்டுருவாக மாற்றிக் கொடுங்கள்.” அவ்வாறு செய்தால் எழுத்து எழுத்தாக இராது, வெறும் வரைபடமாகிவிடும். எந்தப் பொறியிலும் சிதையாது. அச்சுக்கு அது காப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் மறுநாள் அக்கோப்பில் ஒரு சொல்லைத் திருத்த இயலாது. ஒரு சொல்லைத் தேடவும் இயலாது. எழுத்துரு உட்பதிந்த பிடிஎஃப் கோப்பிலிருந்தும் தமிழ் வரிகளை வெளியே எடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி வருவதுண்டு. அச்சுக்கு ஆயத்தமான கோப்பு வேறு, காலத்துக்கு ஆயத்தமான கோப்பு வேறு என்பதை நாம் உணர வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், மறைந்த எழுத்தாளர் ஒருவரின் மகள் தம் தந்தையின் சிறுகதைத் தொகுப்பை மறுபதிப்புச் செய்ய விரும்பி என்னிடம் வந்தார். தந்தை பேணி வைத்திருந்த வட்டில் கோப்பு இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை. எழுத்துருவின் பெயர் எவர்க்கும் தெரியவில்லை. அச்சிட்ட நூலைப் பார்த்து 200 பக்கங்களையும் மீண்டும் தட்டினார் அந்த அம்மையார். எழுத்துருவின் பெயரை ஒரு துண்டுத் தாளில் குறித்து வட்டோடு வைத்திருந்தால், அதற்குரிய மாற்று அட்டவணையைக் கொண்டு சில நிமிடங்களில் அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றியிருக்கலாம். ஈய எழுத்தில் அச்சான 1887ஆம் ஆண்டு இதழை இன்றும் கண்ணால் படிக்க முடிகிறது. 1995ஆம் ஆண்டுக் கோப்பைப் படிக்க முடியவில்லை. இம்முரண் நம் நெஞ்சைத் தொட வேண்டும்.

ஆதலின், நூல் வெளியிடும் அன்பர்கள் மூன்று கடமைகளைத் தமதாக்கிக் கொள்ள வேண்டுமென வேண்டுகிறேன். முதலாவது, அச்சகத்துக்கு எழுத்துரு உட்பதிந்த பிடிஎஃப் கோப்பையே கொடுத்தல். இரண்டாவது, அச்சகத்தின் கணினியில் அக்கோப்பு எப்படித் திறக்கிறதோ அப்படியே எடுத்த மெய்ப்பைத் தாளில் பெற்று, தமிழறிந்தவர் ஒருவர் முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை படித்து ஒப்பமிடுதல். நம் வீட்டுத் திரை நமக்கு மெய்ப்பு ஆகாது. மூன்றாவது, நூலின் மூலத்தை யூனிகோட் எழுத்தில் தனியே சேமித்து, படியொன்றை நூலகத்திலோ சங்கத்திலோ ஒப்படைத்தல். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை, அதன் பெயர் நினைவிருக்கும்போதே மாற்றிவிடுதல்.

அறைப்பெட்டியின் முன் நின்ற அந்தப் பெயர் தெரியாத மனிதர் தம் காலத்தில் தம் கடமையைச் செய்து முடித்துச் சென்றுவிட்டார். அவர் விட்டுச் சென்ற இடம் வெற்றிடமாக இல்லை. அங்கே இப்போது நாம் நிற்கிறோம். அவர் தலைகீழாய் நின்ற எழுத்தையும் நேராய்ப் படித்தார். நேராய் நிற்கும் எழுத்தையேனும் நாம் நிறுத்திப் படிப்போமாக.